ஜிப்சம் பாடம்: ஒரே செய்தியைப் பல பேரிடம் சொல்லப் பழக்குதல்

கல்லூரிகளில் பேச்சுத்திறன் வகுப்பு என்ற பெயரில் பெரும்பாலும் வேலை நேர்காணலுக்குத் தயார்ப்படுத்துவதுதான் நடக்கிறது. ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, குழு விவாதத்தில் முந்திக்கொண்டு பேசுவது, பவர்பாயிண்ட் காட்டுவது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் இந்தப் பயிற்சி முழுவதிலும் மாணவர் மனதில் நிறுத்திக்கொள்ளும் ஆள் ஒரே ஒருவர்: கம்பெனியிலிருந்து வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் அதிகாரி. அவருக்காகப் பழகிய பேச்சோடு மாணவர் ஒரு கிராமத்துக்குப் போய் நின்றால், ஐந்து நிமிடத்தில் எதிரில் இருப்பவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். படிக்கிற பிள்ளை பாவம், சீக்கிரம் முடித்துவிட்டுப் போகட்டும் என்ற பெருந்தன்மையில் வரும் தலையாட்டல் அது.

வேளாண் கல்லூரிகளில் இந்தக் குறை சீக்கிரமே வெளிப்பட்டுவிடும். இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில், மாணவர்கள் 'ராவே' என்று சொல்லும் ஊரக வேளாண் பணி அனுபவம் இருக்கிறது. 2015இல் கொண்டுவரப்பட்ட 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தின் ஒரு பகுதியாக இன்று அது நடக்கிறது. குழுவாக ஒரு வட்டாரத்தில் தங்கி, விவசாயிகளோடு பழகி, செயல்விளக்கம் நடத்த வேண்டும். அதற்கு முந்தைய பருவத்தில் அவர்களை எப்படிப் பழக்குவது என்பதே இந்த அத்தியாயம். மருத்துவம், சட்டம், சமூகப்பணி கற்பிக்கும் ஆசிரியர்களும் செய்தியை மட்டும் தங்கள் துறைக்கு மாற்றிக்கொண்டு இதே வழியில் போகலாம்.

பருவம் முழுவதும் ஒரே செய்தி

வாரம் ஒரு தலைப்பு கொடுத்துப் பேசச் சொல்வது வழக்கம். அதை விட்டுவிடுங்கள். தலைப்பு மாறிக்கொண்டே இருந்தால் மாணவரின் உழைப்பெல்லாம் தகவல் தேடுவதிலேயே போய்விடும். கேட்பவரைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதையே பருவம் முழுவதும் வெவ்வேறு ஆட்களிடம் சொல்ல வையுங்கள். செய்தி கைவசமான பிறகு மாணவரின் கண் தானாகவே எதிரில் இருப்பவர் மீது திரும்பும்.

நான் எடுத்துக்கொள்வது நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் இது அன்றாட விஷயம். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பரிந்துரை சிறியது: ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40, 45ஆம் நாளில், செடியின் ஓரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் அழகானது. பூ கருவுற்ற பிறகு அதிலிருந்து விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனியில்தான் காய் பிடிக்கிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு இலைக்கு ஏறிவிடும். இலையிலிருந்து கீழே காய்க்கு இறங்கி வராது. ஆகவே காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே இல்லையென்றால் ஓடு மட்டும் வளர்ந்து உள்ளே பருப்பில்லாத பொக்குக் காய்தான் மிஞ்சும். ஜிப்சத்தில் இருக்கும் கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கும் உதவுகிறது.

மாணவர்கள் இதைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். இதை யாரிடம், எதிலிருந்து தொடங்கிச் சொல்வது என்பதில்தான் நம் வேலை இருக்கிறது.

நடிக்கும் விவசாயி வேண்டாம்

வகுப்பில் பயிற்சி என்றதும், ஒரு மாணவன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு விவசாயியாக உட்காருவான். இன்னொருத்தி அறிவுரை சொல்லுவாள். இது உதவாது என்பது என் உறுதியான கருத்து. நடிக்கிற பையனுக்கு விடை ஏற்கெனவே தெரியும்; அதனால் அவன் கேட்கும் கேள்விகள் எல்லாம் விடைக்கு வசதியான கேள்விகளாகவே இருக்கும். சினிமாவில் பார்த்த வெள்ளந்தி விவசாயியைப் போல அவன் பேசுவதையும் மற்றவர்கள் சிரித்து ரசிப்பதையும் அனுமதித்தால், களத்துக்குப் போகும் முன்பே நாம் ஓர் இழிவான படத்தை அவர்கள் மனதில் பதித்துவிடுகிறோம்.

வேளாண் கல்லூரி என்றால் பண்ணை இருக்கும். பண்ணையில் வேலை செய்பவர்கள் இருப்பார்கள். அவர்களில் பலருக்குச் சொந்தமாகவோ குத்தகைக்கோ கொஞ்சம் நிலமும் உண்டு. அவர்களைக் கேட்பவர்களாக அழையுங்கள். வேலை நேரத்தில், சம்பளம் பிடிக்காமல், நாற்காலி போட்டு உட்கார வைத்து. பண்ணை மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, அந்த நேரம் வேலையாகவே கணக்கில் வரும்படி எழுதி வாங்கிவிடுங்கள். மற்றக் கல்லூரிகளில் விடுதிச் சமையல்காரர், காவலாளி, அலுவலக உதவியாளர், பக்கத்துத் தெருக் கடைக்காரர் என்று ஆட்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். நம் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தினமும் கடந்துபோகிற, ஆனால் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியிராத மனிதர்கள் இவர்கள்.

முதல் நாளில் பேசக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்று விதி வையுங்கள். மாணவர் கேட்டு முடித்த பிறகுதான் ஜிப்சம் பற்றி ஒரு சொல் வரலாம். ஓர் உரையாடல் எப்படி நகரும் என்று பாருங்கள்.

"உங்களுக்கு மல்லாட்டை எவ்ளோ நிலத்துல இருக்குங்க ஐயா?"

"அறுவது சென்ட்டும்மா."

"வெதச்சு எத்தன நாளாச்சு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"போன வருஷம் காய் எப்படி இருந்துச்சு?"

"காய் புடிச்சது. ஆனா பொக்கு ஜாஸ்தி."

"ஜிப்சம் போட்டீங்களா ஐயா?"

"போட்டனே. ஓட்டறப்பவே அடியுரத்தோட சேத்து வீசிட்டேன்."

இந்தக் கடைசி பதிலில் மாணவி வீட்டிலிருந்து தயாரித்துக்கொண்டு வந்த பேச்சு முழுவதும் தேவையற்றதாகிவிடுகிறது. ஜிப்சத்தின் அருமை அவருக்குத் தெரியும். பணம் செலவழித்து வாங்கியும் இருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே: எப்போது, எந்த இடத்தில். அதுவும் அவர் வயலில் இன்னும் ஐந்து முதல் பத்து நாளில் செய்ய வேண்டிய வேலை. இதைக் கேட்காமலே "ஜிப்சத்தின் பயன்கள்" என்று தொடங்கியிருந்தால், தெரிந்ததையே கால் மணி நேரம் கேட்டுவிட்டு அவர் எழுந்து போயிருப்பார். அடுத்த ஆண்டும் அடியுரத்தோடு சேர்த்தே வீசியிருப்பார்.

மாணவர்கள் நோட்டில் ஒவ்வொரு உரையாடலுக்கும் மேலே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: 'இவர் அடுத்து எடுக்க வேண்டிய முடிவு என்ன?' அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் பேசும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள். மேலும் கேட்க வேண்டும்.

ஹெக்டேர் யாருக்கும் சொந்தமில்லை

பரிந்துரைகள் எல்லாம் ஹெக்டேரில் இருக்கின்றன. 60 சென்ட் வைத்திருப்பவர் முன்னால் 400 கிலோ என்றால், அவர் மனக்கணக்குப் போடுவதிலேயே அடுத்த மூன்று வாக்கியங்களைத் தவறவிடுவார். கணக்கை மாணவர் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ, சென்ட்டுக்கு 1.6 கிலோ, ஆகவே 60 சென்ட்டுக்கு 96 கிலோ. 50 கிலோ மூட்டையாக இருந்தால் இரண்டு மூட்டை. அந்த விவசாயிக்குச் சொல்ல வேண்டிய எண் 'இரண்டு மூட்டை' மட்டும்தான்.

வட மாவட்டங்களில் காணிக் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு காணி 1.32 ஏக்கர். தஞ்சைப் பக்கம் போனால் மா, வேலி. குழி என்பதோ ஊருக்கு ஊர் வேறுபடும். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரின் அளவை முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டு, தங்கள் பரிந்துரைகள் அத்தனையையும் அந்த அளவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளும்படி பழக்க வேண்டும். பயிரின் பெயருக்கும் இதே விதிதான். விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை என்பதைக் கொங்குப் பகுதியில் கடலைக்காய் என்பார்கள். மாணவர் தன் சொல்லை நிறுத்திவிட்டு அவர்கள் சொல்லை எடுத்துக்கொள்வதே முறை.

இதற்கு ஒரு நல்ல வகுப்புப் பயிற்சி, மண்வள அட்டை. 2015 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் வழங்கப்படும் அந்த அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும். வாங்கியவர்கள் வீட்டில் அது பெரும்பாலும் பத்திரமாக, படிக்கப்படாமல் இருக்கிறது. பண்ணைத் தொழிலாளி ஒருவரின் அட்டையை அவர் அனுமதியோடு வாங்கி, மூன்றே வாக்கியத்தில் அவருக்கு விளக்கச் சொல்லுங்கள். எதை விடுவது என்று முடிவெடுக்க மாணவர்கள் திணறுவார்கள். அந்தத் திணறலுக்காகத்தான் இந்தப் பயிற்சி. கெட்டிக்கார மாணவி ஒருத்தி, அட்டையில் கந்தகம் இருக்கிறது, கால்சியம் இல்லையே என்று கவனிப்பாள். 'ஜிப்சம் போடணுமான்னு இந்த அட்டைய வெச்சு முழுசா சொல்ல முடியாதுங்க' என்று அவள் அந்த விவசாயியிடம் நேர்மையாகச் சொல்வதும் பயிற்சியின் பகுதியே.

கையால் செய்பவர்களிடம் பேசுதல்

நிலத்துக்காரரிடம் பேசிவிட்டு வந்துவிடுவதுதான் நம் மாணவர்கள் வழக்கமாகச் செய்வது. ஆனால் களை வெட்டுவதும், மண் அணைப்பதும், பல இடங்களில் ஜிப்சத்தைக் கையில் எடுத்துப் போடுவதும் கூலிக்கு வரும் பெண்கள். அவர்களிடம் யாரும் எதுவும் விளக்குவதில்லை. வயலில் தவறான இடத்தில் ஜிப்சம் விழுந்தால் அந்தப் பிழைக்கு அவர்கள் பொறுப்பில்லை. சொல்லாமல் விட்டவர்கள்தான் பொறுப்பு. என் வகுப்புகளில் நான் அதிக நேரம் ஒதுக்குவது இந்தப் பகுதிக்கே.

எந்த நேரத்தில் போவது என்பது முதல் பாடம். காலை எட்டு மணிக்கு வரிசையில் குனிந்திருப்பவர்களை நிமிர்த்தி நிற்கவைத்துப் பேசினால், வேலை கெடுகிறது என்று நிலத்துக்காரர் முகம் சுளிப்பார். திட்டு அந்தப் பெண்களுக்கு விழும். கஞ்சி குடிக்க வரப்பில் உட்காரும் நேரம் சரியான நேரம். அப்போதும் நின்றுகொண்டு பேசக் கூடாது, உட்கார வேண்டும். அவர்கள் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் இப்படி ஓர் இடைவேளை கிடைக்கும். ஆண் விவசாயிகளைப் பிடிக்கக் காலையில் டீக்கடை, விடியலிலும் மாலையிலும் பால் சொசைட்டி.

அடுத்தது அளவு. மூட்டைக் கணக்கு அவர்களுக்குப் பயன்படாது. வாங்குவது அவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது கைக்கணக்கு. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், ஒரு வரிசையில் 10 மீட்டர் நீளத்துக்கு 120 கிராம் ஜிப்சம் விழ வேண்டும். சிறிய தராசு ஒன்றைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். அந்த அம்மாவையே ஒரு பிடி அள்ளச் சொல்லி நிறுத்துப் பார்க்கட்டும். 60 கிராம் வந்தால் பத்து மீட்டருக்கு இரண்டு பிடி. இன்னொருவர் பிடி 80 கிராம் வரும். அவருக்கு ஒன்றரைப் பிடி. இதைச் செய்யும்போது சுற்றி இருக்கும் எல்லோரும் தங்கள் பிடியையும் நிறுத்துப் பார்க்கக் கேட்பார்கள். அங்கிருந்து பேச்சு தானாக ஓடும்.

காரணத்தையும் சொல்ல வேண்டும். கூலிக்கு வருபவர்களுக்கு எதற்குக் காரணம் என்று மாணவர்களில் சிலர் கேட்பார்கள். அந்த எண்ணத்தைக் கண்டிப்பாகத் திருத்த வேண்டும். ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணுக்குள் இறங்கியிருக்கும் விழுதைக் காட்டி, 'காய் தனக்கு வேண்டியத இந்த எடத்து மண்ணுலருந்துதான் எடுத்துக்கும். தள்ளிப் போட்டா அதுக்கு எட்டாது' என்று சொன்னால் போதும். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறக் கூடாது என்பது அவர்களில் மூத்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்களைச் சொல்லவிட்டு மாணவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். விளக்க வந்தவர்கள் பாடம் கேட்டுவிட்டுத் திரும்பும் நாட்கள் இப்படித்தான் வாய்க்கின்றன.

எங்கே கூட்டம், யார் வரவில்லை

செயல்விளக்கம் என்றால் ஊரின் நடுவே, கோயில் முன்போ முக்கியஸ்தர் வீட்டுத் திண்ணையிலோ ஃபிளக்ஸ் கட்டி நடத்துகிறார்கள். அந்த இடத்துக்குக் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்; வந்தாலும் தெருவோரத்தில் நிற்பார்கள். கூட்டம் முடிந்ததும் 'ஊர் முழுவதும் கலந்துகொண்டது' என்று மாணவர்கள் அறிக்கை எழுதுவார்கள். மனம் அறிந்து அவர்கள் பொய் சொல்வதில்லை. யார் இல்லை என்பது கண்ணில் படும்படி அவர்களை நாம் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம், நூலகம், ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல், காலனிக்கும் தனியாகப் போய் அதே செயல்விளக்கத்தை அதே அக்கறையோடு நடத்த வேண்டும். அங்கே சுருக்கியோ அவசரமாகவோ முடிப்பதை ஏற்காதீர்கள். எழுபது வயது நிலத்துக்காரருக்கு 'ஐயா' என்றால், காலனியில் எழுபது வயதுப் பெரியவருக்கும் 'ஐயா'தான். இதை வாய்விட்டு வகுப்பில் சொல்ல ஆசிரியர் தயங்கக் கூடாது. நகரத்துப் பிள்ளைகள் எல்லோரையும் 'அங்கிள், ஆன்ட்டி' என்று கூப்பிடுவதையும் களத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும். அண்ணே, அக்கா, அம்மா, ஐயா போதும்.

கிராம வரைபடம் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1980களின் இறுதியிலிருந்து பரப்பிய பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில், தரையில் வரையும் கோல் ஊர் மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே உயிர். இன்று நம் மாணவர்கள் வண்ணக் கோலமாவில் தாங்களே அழகாக வரைந்து, புகைப்படம் எடுத்து, நாளிதழுக்கு அனுப்புகிறார்கள். படம் நன்றாக இருக்கிறது. ஊரார் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மாவை ஒரு பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கிணறு வற்றியது, எந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை, மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று கோணல்மாணலாக ஒரு படம் வரும். மதிப்பெண் அந்தக் கோணல் படத்துக்குத்தான்.

கடைக்காரரும் மற்றவர்களும்

இலையில் புள்ளி விழுந்தால் விவசாயி இலையைப் பறித்துக்கொண்டு முதலில் போவது உரக்கடைக்கு. இதை அரசும் உணர்ந்திருக்கிறது; ஐதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' நிறுவனம் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்றே 2003இல் ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. ஆனாலும் நம் மாணவர்கள் கடைக்காரரை எதிராளி போலப் பார்க்கப் பழகியிருக்கிறார்கள். அவரிடம் போய்ப் பாடம் நடத்தக் கூடாது. இந்தப் பருவத்தில் யார் யார் ஜிப்சம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், இருப்பு எவ்வளவு என்று விசாரித்தாலே அந்த ஊரின் நடப்பு பாதி தெரிந்துவிடும். அவரிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒரு வரி: 'வாங்கறவங்ககிட்ட மண்ணு அணைக்கறப்ப செடி ஓரமா போடச் சொல்லுங்கண்ணே.' போவதற்கு முன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஜிப்சம் மானியத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளாமல் எந்த மாணவரும் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. விவசாயி கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது, மகிழ்ச்சியானதும்கூட. மண்ணோடு பிடுங்கிய செடி ஒன்று, எண்ணுவதற்குக் காய்கள், பொக்கு எத்தனை, நிறைகாய் எத்தனை என்று கரும்பலகையில் ஒரு கோடு. அதற்கு மேல் வேண்டாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மாணவர்களை ஒருமுறையாவது அழைத்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். மைக் கையில் வந்ததும் விவசாயிகள் எவ்வளவு சுருக்கமாக, எந்த வரிசையில் பேசுகிறார்கள் என்று கவனிக்கட்டும். ஊர், பிரச்சினை, எத்தனை பேருக்கு, எந்தத் துறை என்ன செய்ய வேண்டும். பல ஆண்டுகள் மனுக் கொடுத்துக் கொடுத்துக் கற்ற திறமை அது. திரும்பி வந்து ஜிப்சம் செய்தியை அதே வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்லுங்கள்: இந்த வட்டாரத்தில் மண் அணைக்கும் பருவம் எப்போது, விரிவாக்க மையத்தில் இருப்பு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும். விழுது, கால்சியம் எதுவும் அதில் வரத் தேவையில்லை.

முகம் பார்க்க முடியாத பேச்சுக்கும் ஒரு பயிற்சி வேண்டும். நாட்டில் 2004 முதல் கிசான் அழைப்பு மையங்கள் இயங்குகின்றன. தொலைபேசியில் கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும். இன்றோ வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதே பெருவழக்கு. 45 வினாடிக்குள் ஜிப்சம் செய்தியைப் பதிவு செய்து, அதைப் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு அனுப்பி, அவர் கேட்டுவிட்டு என்ன செய்வார் என்று விசாரியுங்கள். 'இப்படி', 'இந்த மாதிரி', 'இவ்வளவு' என்று கையைக் காட்டிச் சொல்லும் பழக்கம் மாணவர்களிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது அப்போது தெரியும்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த பிற மாநில மாணவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது என்று நோட்டு எழுதும் வேலையைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுவது பெரும் அநியாயம். செய்து காட்டும் வேலை முழுவதையும் அவர்களிடம் கொடுங்கள். நிறுப்பது, ஓரத்தில் இடுவது, மண் அணைப்பது ஆகியவற்றுக்குப் பேச்சு அதிகம் வேண்டாம். வணக்கம் சொல்லவும், பெயர் கேட்கவும், 'இங்க போடுங்க, தள்ளிப் போடாதீங்க' என்று சொல்லவும் தேவையான வாக்கியங்களை அவர்கள் உரக்கச் சொல்லிப் பழகட்டும். தட்டுத்தடுமாறிப் பேசும் வெளிமாநிலப் பிள்ளையிடம் ஊரார் காட்டும் பொறுமை, சரளமாகப் பேசும் உள்ளூர்ப் பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. காது கேளாத விவசாயி ஒருவர் இருந்தாலும் இதே செய்துகாட்டும் முறை கைகொடுக்கும். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், உடன் வந்தவரைப் பார்த்து அல்ல.

'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு: 'புரிஞ்சுதும்மா.' மறுப்பது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் நம் மக்கள். அதனால் மாணவர்கள் வாயிலிருந்து இந்தக் கேள்வியை அடியோடு நீக்கிவிடுங்கள். அதற்குப் பதில், 'நாளைக்கு வேலைக்கு வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்லுவீங்க?' என்று கேட்கட்டும். அல்லது ஜிப்சத்தைக் கையில் கொடுத்து ஒரு வரிசை போட்டுக் காட்டச் சொல்லட்டும். விடை பிசகினால் குற்றம் சொன்ன விதத்தில்தான். 'நான் சரியா சொல்லலீங்க, இன்னொரு தடவ சொல்றேன்' என்று மாணவர் தன் மேல் போட்டுக்கொண்டு வேறு வழியில் சொல்ல வேண்டும். அதே வாக்கியத்தை உரத்த குரலில் திரும்பச் சொல்வது விளக்கம் ஆகாது.

தெரியாத கேள்வி கட்டாயம் வரும். 'என் நெலம் களர் கலந்த மண்ணு, அதுக்கும் இதே அளவா?' என்பார் ஒருவர். மழுப்பலாக ஏதோ சொல்லித் தப்பிக்கும் மாணவருக்கு அந்த அமர்வில் மதிப்பெண் கிடையாது. 'எனக்குத் தெரியலீங்க, கேட்டுட்டு வந்து சொல்றேன்' என்று சொன்னவருக்கு முழு மதிப்பெண், ஆனால் ஒரு நிபந்தனையோடு: எந்த ஆசிரியரிடம் அல்லது எந்த ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டார், என்ன விடை, அதை அந்த விவசாயியிடம் எந்தத் தேதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று நோட்டில் இருக்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் ஆசிரியரின் பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி கேட்டவர்களுக்கு. அவர்களிடம் படிவம் நீட்ட வேண்டாம். பேசிய மாணவர் வெளியே போன பிறகு, வேறொரு மாணவர் உட்கார்ந்து 'அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? நீங்க என்ன செய்யப் போறீங்க?' என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதட்டும். அந்தப் பதிலைப் பேசிய மாணவரிடம் படிக்கக் கொடுங்கள். நான் சொல்லும் விமர்சனத்துக்கு வாதாடும் மாணவர்கள், அந்தத் தாளைப் படித்துவிட்டு அமைதியாகத் திருத்தி எழுத உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

ராவே முடிந்து வாய்மொழித் தேர்வு நடக்கும்போது, எத்தனை செயல்விளக்கம் நடத்தினீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஆல்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தேர்வில் கேட்க வேண்டியவை வேறு. உங்களிடம் பேச மறுத்தவர் யார், ஏன்? ஒரே செய்தியை நிலத்துக்காரரிடமும் கூலிப் பெண்களிடமும் சொன்னபோது எதை விட்டீர்கள், எதைச் சேர்த்தீர்கள்? அறுவடைக்குத் திரும்பிப் போய்ப் பொக்கு எண்ணிப் பார்த்தீர்களா? விடை கொண்டுபோய்ச் சேர்க்காத கேள்வி எத்தனை பாக்கி இருக்கிறது? அந்தப் பாக்கிப் பட்டியலை, கேட்டவரின் பெயரும் தெருவும் போட்டு, அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போகும் குழுவிடம் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். அவர்கள் ஊரில் இறங்கியதும் முதலில் போக வேண்டியது அந்த வீடுகளுக்கு.